மழுவரசனுக்கு என்ன குறைச்சல்?

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் சுகன்யா மேரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் ஷாப் கொளஞ்சி பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு நேராக அவளிடம் வந்தார். வரதராஜன்பேட்டையில் அவர் கடையில்தான் மாமனாருக்கு சுகர் மாத்திரை வாங்குவாள். கேட்டிருந்த மாத்திரை வந்துவிட்டது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

“ஏங்க டீச்சர், மழுவரசன் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினான்? அவன் கையை ஒடிச்சிட்டீங்களே!”

சுகன்யாவுக்கு ஒரு செருப்புதான் அகப்பட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, “யாரு சொன்னா உங்களுக்கு?” என்றாள்.

“உங்க மாமனார்தான். நேத்து கடையில வச்சு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. ‘எம் மருமகதான் பண்ணினா, கேட்டா ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்குறா’ன்னு.”

பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் கையை இவள் ஒடித்துவிட்டாள் என்பது மட்டும்தான் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

சுகன்யா கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் சில வருஷம் பாடம் எடுத்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை, விட்டுவிட்டாள். கணவன் லியோ பிரபுவுக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் சும்மா இருந்தவளைக் கல்லூரித் தோழி சத்யாதான் கூப்பிட்டாள். சத்யா சென்னையில் சிலரோடு சேர்ந்து ‘ஏழரண்’ என்று ஒரு செல்போன் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். “வூட்டுல இருந்தே பாக்கலாம்டி. கணக்கு தெரிஞ்ச ஆளு வேணும்” என்றாள்.

ஏழரணில் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும். மழுவரசன் என்பவன் கதாநாயகன் மாதிரி. கையில் பெரிய மழு, பக்கத்தில் போய் வெட்டுவான். தீக்கண்ணி எட்ட நின்று கண்ணாலேயே நெருப்பை விடுவாள். குன்றன் மலை மாதிரி உடம்புக்காரன், மெதுவாக நகர்வான். இப்படி இன்னும் பலர். இவர்களில் ஒருவனே எப்போதும் ஜெயித்தால் எல்லாரும் அவனையே எடுப்பார்கள், ஆட்டம் சலித்துவிடும். அதனால் நடக்கிற மோதல்களின் முடிவுகளை வாராவாரம் பார்த்து, யாருக்குப் பலத்தைக் கொஞ்சம் கூட்டலாம், யாருக்குக் குறைக்கலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சுகன்யா.

இதை வீட்டில் விளக்கிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தாள். மாமியார் லீலா மேரி, விசாரிக்கிறவர்களிடமெல்லாம், “மருமவ பொழுதன்னிக்கும் கேம் விளையாடுது, மாசமானா சம்பளம் வருது” என்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாமனார் இருதயநாதனைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். மருமகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் ஏழரணைத் தன் போனில் இறக்கிக்கொண்டவர், பிறகு கீழே வைக்கவில்லை. மழுவரசனைத் தவிர யாரையும் தொட மாட்டார். “ஆட்டம்னா நேருக்கு நேர் நின்னு ஆடணும். தூர நின்னு நெருப்பு வுடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்பார். காபி குடிக்கும்போது, குழந்தைக்கு சோறு ஊட்டும்போது, துணி காயப்போடும்போது என்று நேரம் காலம் இல்லாமல் சுகன்யாவிடம் வந்து நிற்பார்.

“ஏம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. மழுவரசன், தீக்கண்ணி, குன்றன். இதுல யாரு பெரியவன்?”

“மாமா, மழுவரசன் குன்றனை ஜெயிப்பான். குன்றன் தீக்கண்ணியை ஜெயிப்பான். தீக்கண்ணிகிட்ட மழுவரசன் கொஞ்சம் திணறுவான். ஆடுற ஆளையும் பொறுத்தது.”

“அதெல்லாம் சரி. நான் கேட்டது யாரு பெரியவன்னு.”

“யாருமே பெரியவன் இல்ல மாமா. அப்படி இருக்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

“பதில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடும்மா” என்று அவர் போய்விடுவார். சுகன்யா கையிலிருக்கும் ஈரத்துணியை ஓங்கி உதறுவாள்.

அந்த மாதம் மழுவரசன் வழக்கத்தைவிட அதிகமாக ஜெயித்துக்கொண்டிருந்தான். மழு அடியின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சுகன்யா சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை கம்பெனி அதை அறிவித்தது. மாலையில் சத்யா போன் செய்தாள்.

“ஒரு சிக்கல்டி. புது மாத்தத்தைப் போட்டா சில போன்ல ஆட்டம் பாதியில நின்னுபோவுது. நிறுத்தி வச்சிட்டோம். சரி பண்ணி அடுத்த வாரம் விடுறோம்.”

“அப்ப மழுவரசன்?”

“அப்படியேதான் இருக்கான். ஒண்ணும் மாறல.”

சுகன்யா போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். மாமனார் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

“பாவி, ஒரு அடிகூட விழல. பஞ்சுமூட்டையால அடிக்கிற மாதிரி இருக்கு. கொன்னுட்டியேம்மா அவனை!”

“மாமா, இன்னும் எதையுமே மாத்தல. இப்பதான் சத்யா சொன்னா. பழைய மழுவரசன்தான் இது.”

“சும்மா சமாதானம் சொல்லாத. ஆடுற எனக்குத் தெரியாதா?”

மறுநாள் அவர் கொளஞ்சியின் கடைக்குப் போனார். அதற்கு மறுநாள்தான் கோயில் வாசலில் அந்த விசாரணை. கொளஞ்சியிடமும் சுகன்யா நிதானமாகவே சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “உங்க கம்பெனி அப்படித்தாங்க சொல்லச் சொல்லியிருக்கும், நீங்க என்ன பண்ணுவீங்க” என்று பரிதாபப்பட்டார்.

அதோடு போகவில்லை. ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் சண்முகப்பிரியா எங்கிருந்தோ நம்பர் வாங்கிக் குரல் பதிவு அனுப்பினாள். அவள் தீக்கண்ணி கட்சி. “ரொம்ப நன்றிக்கா. முந்தியெல்லாம் மழுவரசன்கிட்ட போராடணும். இப்ப ரெண்டு நிமிஷத்துல சுருண்டுடுறான்.” வசவைவிட இந்த நன்றி சுகன்யாவுக்கு எரிச்சலாக இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொடுத்துவிட்டு, “மழுவரசனுக்கு ஏதாவது பாத்துப் பண்ணுங்கம்மா” என்றார். பிள்ளையைப் பள்ளியில் விடப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்குமுன் அதையே கேட்டார். ஏழரணை இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேர் ஆடுகிறார்கள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை லியோ பிரபு ஷிப்ட் முடிந்து வந்ததும் போனில் ஒரு படத்தைக் காட்டினான். அரியலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் முத்துவேல் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழரண் போட்டி நடத்துகிறார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேனர். நடுவில் மழுவரசன் கையில் கட்டுப்போட்டு நிற்கிறான். கீழே கொட்டை எழுத்தில், ‘சிறப்பு விருந்தினர்: மழுவரசனை முடக்கிய நம்ம ஊர் மருமகள் திருமதி சுகன்யா மேரி எம்.எஸ்சி.’

“யாருகிட்ட கேட்டு போட்டாரு?” என்று கத்தினாள் சுகன்யா.

உள்ளேயிருந்து இருதயநாதன், “எங்கிட்டதாம்மா கேட்டாங்க. நீ வருவேன்னு சொல்லிட்டேன். எனக்கும் பேர் கொடுத்திருக்கேன்” என்றார்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, ஒரே இடத்தில் எல்லாரும் இருக்கும்போது ஒரே தடவையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சனிக்கிழமை மாமனாரும் மருமகளும் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் போய்ச் சேர்ந்தார்கள்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையில் பெரிய திரை. பேர் கொடுத்திருந்தவர்களில் மழுவரசனை எடுத்தவர் இருதயநாதன் ஒருவர்தான். கொளஞ்சிகூட கடைசி நேரத்தில் குன்றனுக்கு மாறியிருந்தார். “தோக்கறதுக்கா டீச்சர் இவ்வளவு தூரம் வர்றது?” என்றார்.

முதல் சுற்றிலேயே இருதயநாதனுக்கு எதிரில் சண்முகப்பிரியா. ஆட்டம் ஆரம்பித்தது. சுகன்யா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழுவரசன் கிட்டே போனால்தான் வெட்ட முடியும். மாமனார் கிட்டே போகவே இல்லை. ஒரு எட்டு வைப்பார், நெருப்பு வந்ததும் பின்னால் போவார். மறுபடி ஒரு எட்டு, மறுபடி பின்னால். போன வாரம் வரை பாய்ந்து பாய்ந்து ஆடிய மனுஷர்.

“போங்க மாமா, கிட்டப் போங்க!” என்று அவளையறியாமல் எழுந்து கத்திவிட்டாள். அவர் காதில் விழவில்லை. ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் சுவரோடு ஒட்டி நின்று வெந்துபோனான் மழுவரசன்.

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்து முணுமுணுத்தது. முத்துவேல் அவளை மேடைக்கு அழைத்து மைக்கை நீட்டினார்.

“இப்ப மேடம் சொல்லட்டும். மழுவரசன் பெரியவனா, தீக்கண்ணி பெரியவளா? இவனை ஏன் இந்த நிலைமைக்கு ஆளாக்கினீங்க?”

சுகன்யா மைக்கை வாங்கினாள். “நான் எதுவும் பண்ணலங்க. குறைக்கப் போறோம்னு அறிவிச்சோம், குறைக்கல. போன மாசம் இருந்த அதே பலம்தான் இப்பவும் இருக்கு.”

‘ஓ’ என்று சத்தம் எழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

“நம்ப வேணாம். பயிற்சிக் களத்துல கல்தூணை அடிச்சா தூணுக்கு மேல அடியோட அளவு நம்பரா வருமில்ல? பழைய வீடியோ யாருகிட்டயாவது இருக்கா?”

சண்முகப்பிரியாவிடம் இருந்தது. திரையில் போட்டார்கள். மழுவரசன் தூணை அடித்தான், நம்பர் வந்தது. பிறகு அங்கேயே, அப்போதே, முத்துவேலின் போனில் அடித்துக் காட்டினார்கள். அதே நம்பர். இன்னொரு தடவை அடித்தார்கள். அதேதான்.

அப்பாடா, முடிந்தது என்று சுகன்யா மூச்சு விட்டாள். அப்போது கொளஞ்சி எழுந்தார்.

“அப்படின்னா இவன் முதல்லேர்ந்தே நோஞ்சான்தான் போல. நாமதான் கவனிக்காம இருந்திருக்கோம்.”

“ஆமாமா” என்றது கூட்டம்.

சுகன்யா மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். போர்த்த வந்த பொன்னாடையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இருதயநாதன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிய புழுதியில் கண்ணாடியை மூடினார், மறுபடி திறந்தார். ஜெயங்கொண்டம் தாண்டியதும்தான் பேசினார்.

“பலம் குறையலேன்னா நான் ஏம்மா தோத்தேன்?”

சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை. “நீங்க பயந்துட்டீங்க மாமா. கிட்டவே போகல.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, பின்வாங்காதே என்று விசில் ஊதி விரட்டியவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை.

“எல்லாரும் அவன் முடிஞ்சான் முடிஞ்சான்னு சொன்னாங்களா... அடிச்சு என்ன ஆவப்போவுதுன்னு தோணிப்போச்சு” என்றார்.

ஒரு வாரமாக அவர்மேல் இருந்த எரிச்சல் அந்த நிமிஷம் சுகன்யாவிடம் இல்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சத்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து மழுவரசன் ஜெயிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. அவன் மேல் யாரும் கை வைக்காமலேயே இது நடந்திருந்தது. இதற்குமேல் குறைக்க வேண்டாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். சத்யா, “பலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டோம்னு ஒரு அறிவிப்பு விட்டுடலாம்டி. எல்லாரும் சந்தோஷமா போயிடுவாங்க” என்றாள்.

“எடுக்காததை எப்படிடி திருப்பிக் கொடுக்கிறது? உள்ளதைச் சொல்லு. மாத்தல, மாத்தவும் போறதில்லேன்னு போடு.”

அரைமனதாக அப்படியே போட்டார்கள். அன்று மாலைக்குள் ஊர் குரூப்பில், ‘போராட்டம் வென்றது, மழுவரசனின் பலம் மீண்டது’ என்று வந்துவிட்டது. கொளஞ்சி ஒரு டப்பா மைசூர்பாகோடு வீட்டுக்கே வந்தார்.

“இறங்கி வந்துட்டீங்க டீச்சர். பெரிய மனசு.”

“நான் ஏறவே இல்லையேங்க!” என்றாள் சுகன்யா. அவர் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து நீட்டினார்.

இரண்டு வாரத்தில் மழுவரசன் முன்னைக்கும் அதிகமாக ஜெயிக்க ஆரம்பித்தான். பலம் வந்துவிட்டது என்ற தைரியத்தில் எல்லாரும் அவனை எடுத்துக்கொண்டு நேரே போய் மோதினார்கள். சத்யா போனில், “இப்ப நிஜமாவே குறைக்கணும் போலிருக்கேடி” என்று இழுத்தாள்.

“ஒரு மாசம் யாரும் அவனைத் தொட வேணாம். ஜனங்க அடங்கட்டும்” என்று சொல்லிவிட்டு சுகன்யா அடுக்களைக்குப் போனாள். லீலா மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஹாலிலிருந்து இருதயநாதன் கத்துவது கேட்டது.

“சண்முகப்பிரியாவை சாய்ச்சிட்டேம்மா! பாத்தியா, இப்பதான் சரியா வச்சிருக்க அவனை!”

சுகன்யா வாயைத் திறந்தாள். லீலா மேரி தலையை நிமிர்த்தாமல், “விடும்மா. நீ ஒண்ணும் செய்யாததுக்கே ஊரு இந்தப் பாடு பட்டுது. நிஜமா ஏதாவது செஞ்சு வச்சேன்னா நாம இங்க குடியிருக்க முடியாது” என்றார்.

அந்த மாதத்தில் முதல்முறையாக சுகன்யா சிரித்தாள். பிறகு மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்து, பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.