அம்மா எடுத்துக்கொண்ட பெயர்

எங்கள் வீட்டில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் அவளுடைய அம்மாதான். மகளுக்கு நான் என் அம்மாவின் பெயரை வைத்தேன். என் மனைவிக்கு அது மாமியார் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பிறந்ததிலிருந்து அவள் 'பாப்பா'தான். பாப்பா காலேஜ் முடித்து வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். இப்போதும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா, "பாப்பா, ஓடி வா, சீட்டு போட்டுட்டேன்!" என்று கத்தினால், பக்கத்தில் இருக்கும் கைக்குழந்தைகளோடு சேர்ந்து என் மகளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள், "அப்பா, நான் ஒரு பேரு தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன். "வச்ச பேருக்கு என்னம்மா குறை? நியூமராலஜி பாத்தியா?"

"அந்தப் பேரு அப்படியே இருக்கும்ப்பா. இது வேற."

நான் பத்தாவது வரை படித்துவிட்டுக் காட்டூரில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். விக்கா என்று ஒரு வழிபாடு இருக்கிறது. இங்கிலாந்துப் பக்கம் தோன்றியது. நிலா, சூரியன், மண், மழை எல்லாவற்றையும் தெய்வமாக மதிப்பவர்கள் அவர்கள். என் மகளும் சில தோழிகளும் அதைப் படித்துக் கடைப்பிடிக்கிறார்கள். பௌர்ணமியன்று வட்டமாக நின்று கும்பிடுவார்கள். அந்த வட்டத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரப் பெயர் உண்டு. அதை அப்பா அம்மா வைக்க முடியாது. தானே தேடி எடுக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே அதைப் புழங்கவும் கூடாது.

"மந்திரமா?" என்று என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "சூனியம் கீனியம் வைக்கிறதா பாப்பா?"

"யாருக்கும் கெடுதல் பண்ணக்கூடாதுங்கறதுதாம்மா முதல் விதியே."

"அப்பச் சரி. ரசம் ஊத்தவா?"

தோழிகளுக்கெல்லாம் பெயர் அமைந்துவிட்டது. வரும் பௌர்ணமிக்குள் இவளுக்கும் அமைய வேண்டும். மரம், பறவை, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. "யாரையோ கூப்பிடற மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

"'இடி'ன்னு வையேன். கம்பீரமா இருக்கும்."

"நான் என்ன ரவுடியாப்பா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு என் பைக்கில் போயிருந்தோம். கொள்ளிடக் கரையில் நிறுத்தச் சொன்னாள். ஆற்று மணலில் நாணல் வெள்ளையாகப் பூத்து, காற்று வந்த பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. இறங்கிப் போனவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது.

"கிடைச்சிருச்சுப்பா. நாணல்!"

சந்தோஷத்தில் அவளுக்கு வாய் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அவள் அம்மா அதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நாணல்." பிறகு இன்னொரு தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலையில் ஆரம்பித்துவிட்டது. "நாணல், பல்லு வெளக்கினியா? நாணல், மோட்டாரை நிறுத்து, டேங்கு வழியுது பாரு!" சாயங்காலம் எதிர்வீட்டுச் சின்னப்பெண் வந்து, "நாணல் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

மகள் கொதித்துவிட்டாள். "அம்மா, அது வட்டத்துக்குள்ள மட்டும் சொல்ற பேரு! நீ தெருவெல்லாம் ஏலம் விட்டுட்டு வர்றே!"

"ஆமாடி, விட்டேன். பெத்த புள்ளையப் பேரு சொல்லிக் கூப்பிட எனக்கு ஆசை இருக்காதா? இது ஒண்ணுதான் என் வாயால சொல்லலாம்னு வந்துச்சு."

மகள் வாசலுக்குப் போய் என் பைக் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"கூப்பிட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா நிறுத்திருவாங்க. அதான்ப்பா கஷ்டம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூப்பிடும்போது அவங்க மூஞ்சியப் பாத்தீங்களா? அதை அம்மாவே வச்சுக்கட்டும். நான் வேற தேடிக்கறேன்."

"பௌர்ணமி வந்துருச்சேம்மா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

பௌர்ணமியன்று சாயங்காலம் முக்கொம்பு பக்கம் ஒரு தோழி வீட்டுத் தென்னந்தோப்புக்கு அவளைக் கூட்டிப் போனேன். காவிரியை ஒட்டிப் போகும்போது என் தோளை அழுத்திப் பிடித்தாள். தோப்பு வந்ததும் கேட்டேன்.

"கிடைச்சுதா?"

"ம்."

"என்ன பே..."

"அப்பா!"

"சரி சரி, கேக்கலை."

உள்ளே அகல்விளக்குகளை வட்டமாக வைத்திருந்தார்கள். தென்னை மட்டைகளுக்கு நடுவே நிலா ஏறிக்கொண்டிருந்தது. படல் அருகே நின்ற தோழி, "வர்றது யாரு? பேரு சொல்லு" என்று முறையாகக் கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் கிக்கரை உதைத்தேன். நல்லவேளை, ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தேன். ஊரார் வண்டியையெல்லாம் சரிசெய்கிற எனக்கு என் சைலன்சரைப் பார்க்க மட்டும் நேரம் கிடைத்ததில்லை. அது போட்ட சத்தத்தில் அவள் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. தோழி சிரித்துக்கொண்டே வழிவிட, அவள் உள்ளே போனாள்.

ரோட்டோர டீக்கடையில் காத்திருந்தேன். மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, நாணல் எப்ப வருவா? தோசை ஊத்தணும்."

"வந்துருவா" என்றேன்.