தம்பிக்கு மட்டும் இரண்டு உருண்டை

என் தம்பி மேல் நான் பட்ட பொறாமையைப் போல ஒரு பொறாமையை அதற்குப் பிறகு யார் மேலும் பட்டதில்லை. நகை வாங்கியவர்கள், வீடு கட்டியவர்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. அவர்கள் எல்லாம் என் தம்பியின் கால்தூசிக்குப் பெறமாட்டார்கள்.

எனக்கு ஐந்து வயது, அவனுக்கு இரண்டு. மைசூரில் விஜயநகர் பக்கம் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம். ராமாபுரம் என்ற கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா சித்தாள். காலையில் எங்களை அங்கன்வாடியில் விட்டுப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். தம்பிக்கு அங்கே சேரும் வயது இன்னும் வரவில்லைதான். அம்மாவுக்கு வேறு வழியில்லை என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார்.

மத்தியானம் ஆளுக்கொரு சத்துமாவு உருண்டை கொடுப்பார்கள். வெல்லம் போட்டது. அழுதாலும் ஒன்று, சிரித்தாலும் ஒன்று. அது ஏதோ நாட்டின் சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தச் சட்டத்தைத் தம்பி உடைத்தான்.

மாதாமாதம் சின்னப் பிள்ளைகளை எடை பார்ப்பார்கள். விட்டத்தில் தொங்கும் தராசின் கொக்கியில் துணித்தூளியை மாட்டி அதில் பிள்ளையை உட்கார வைப்பார்கள். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து எழுந்திருந்த தம்பி, அன்று தூளியில் வீறிட்டு அழுதான். முள்ளைப் பார்த்த டீச்சரின் முகம் மாறிவிட்டது. சாயங்காலம் அம்மா வந்ததும், கன்னடம் கலந்த தமிழில் கண்டிப்பாகச் சொன்னார்:

“நோடம்மா, கொழந்தை ரொம்ப எளைச்சிட்டான். இன்னும் எறங்கினா பெரியாஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதுதான். கஞ்சியைத் தண்ணியாக் கரைச்சு ஊத்தாதே. கெட்டியாக் குடு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடு, அதுலதான் சக்தி ஜாஸ்தி. சின்ன வயிறு, ஒரே தடவையா கொள்ளாது. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு தடவை குடு.”

அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எனக்கோ ஆஸ்பத்திரி மேலும் ஆசை வந்தது. அங்கே கட்டிலில் படுக்க வைத்து ரொட்டியும் பாலும் கொடுப்பார்களாமே!

மறுநாளிலிருந்து அவனுக்கு இரண்டு உருண்டை. வீட்டில் அவன் களியில் எண்ணெய் மினுமினுத்தது. முட்டை வந்தது, வாழைப்பழம் வந்தது. எதுவும் என் பக்கம் வரவில்லை.

“எனக்கில்லியாம்மா?”

“உனக்கென்ன கண்ணு, கல்லத் தின்னாலும் செரிக்கும்.”

இது புகழ்ச்சியா, வசவா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் உருண்டையையும் முட்டையையும்கூட மன்னித்திருப்பேன். காலையில் டீக்கு விடும் நேரத்தில், மற்ற சித்தாள்கள் எல்லாம் டீ கிளாஸோடு உட்கார்ந்திருக்க, அம்மா சிமெண்டுக் கையைக் கழுவிக்கொண்டு அங்கன்வாடிக்கு ஓடிவருவாள். அவனை மடியில் போட்டு, “ஒரே ஒரு வாய், என் சாமி” என்று கெஞ்சி ஊட்டிவிட்டு, அதே ஓட்டமாகத் திரும்பிப் போவாள். வாசலில் நிற்கும் என் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான். எனக்கு வயிறு பற்றி எரியும்.

யோசித்து யோசித்து ரகசியத்தைக் கண்டுபிடித்தேன். தூளியில் யார் அழுகிறார்களோ அவர்களுக்குத்தான் இரண்டு! பெரிய பிள்ளைகளை எப்போதாவதுதான் எடை பார்ப்பார்கள். என் முறை வந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஆயம்மா பயந்துபோய்த் தூளியை விட்டுவிட்டாள். டீச்சர் முள்ளைப் பார்த்துச் சிரித்தார். “நல்லாத்தானே இருக்கே, ஏன்டி கத்தறே?” என்று கன்னத்தைக் கிள்ளினார். மத்தியானம் வழக்கம்போல ஒரே ஒரு உருண்டைதான். அழுத அழுகை வீண்.

இப்படியே சில மாதங்கள் போயின. மறுபடி தம்பியின் எடை நாள். அன்று அம்மா வேலைக்குப் போகாமல் கூடவே நின்றாள். டீச்சர் முள்ளைப் பார்த்துவிட்டுக் கை தட்டி அம்மாவிடம் சொன்னார்:

“சாக்கம்மா, இனிமே ரெண்டு வேண்டாம். எல்லாரையும் போல ஒண்ணு போதும்.”

நான் குதித்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது!

“நெசமாவா டீச்சர்? இன்னொருக்கா பாருங்க” என்றாள் அம்மா. இன்னொரு முறை தூக்கி வைத்தார்கள். முள் அதே இடத்தில் நின்றது. அம்மா டீச்சரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் அசந்துபோனேன். தம்பியின் உருண்டை பறிபோனதில் என்னைவிடச் சந்தோஷப்பட ஓர் ஆள் இருக்கிறாளே! பாவம், இத்தனை நாளும் அம்மாவுக்கும் என்னைப் போலவே வயிறு எரிந்திருக்கிறது. வெளியே சொல்ல முடியாமல் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பக்கத்தில் போய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

“உடும்மா, அழுவாத. அதான் நிறுத்திட்டாங்கல்ல?”