கடைசியில் ஏற்ற வேண்டியது

என் கணவருக்கு எங்கள் கிராமத்தில் 'வேன்காரர்' என்றுதான் பெயர். பதினொரு வருடத்தில் முப்பத்தேழு வீடுகளைப் பட்டணத்தில் கொண்டுபோய் இறக்கியவர். ஏற்றுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "போய் இறங்கினதும் முதல்ல எது வேணும்?" அதைத்தான் கடைசியில் ஏற்றுவார், கதவைத் திறந்ததும் கைக்கு வரும்படி.

அந்தப் பதிலிலேயே அவர்கள் ஏன் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். தையற்காரர் தன் மிஷினைக் காட்டினார். தைக்கக் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. இரண்டு முறை மூச்சுத் திணறி, டாக்டரைத் தேடி அலைந்த கடைக்காரர் மருந்துப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. இவருடைய அண்ணன், கிணறு வற்றிப்போன என் மூத்தார் மட்டும், "எனக்கு வேலைதான்டா வேணும், அத எங்க ஏத்துவ?" என்றார்.

ஊரையே காலி செய்த இந்த மனிதர், தான் மட்டும் அசையமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆள் குறைந்ததில் பஸ் நின்றுபோயிருந்தது. எங்கள் பள்ளிக்கூடமோ எட்டாவதோடு சரி. மகள் ஒன்பதாவது போக வேண்டும்.

"நம்ம வேன்ல கொண்டுபோய் விட்டா போச்சு" என்றார்.

"யாராவது வீடு காலி பண்ற அன்னைக்கு மட்டும் நம்ம பொண்ணு படிக்கணுமா?"

"எல்லாரும் போயிட்டா ஊர்ல யாருதான் இருக்கறது?"

"ஊருக்குக் காவல் இருன்னு உங்களுக்கு யாரு சம்பளம் குடுத்தா?"

பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "உங்க ரெண்டு பேரையும் இறக்கிட்டு நான் திரும்பிடுவேன்" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து நானும் பேசவில்லை.

அதனால்தான் எங்கள் வீட்டை ஏற்றிய அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டணத்துப் பள்ளியில் பெயர் பதிய அன்றுதான் கடைசி நாள், அதுவும் பன்னிரண்டு மணிக்குள். பள்ளி வாசலில் வேன் நின்றதும் மகள் கேட்டாள்: "அப்பா, என் சர்டிபிகேட் எங்க?"

தகரப் பெட்டியில் இருந்தது. தகரப் பெட்டியோ முதலில் ஏறி, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது.

தெருவிலேயே இறக்கினோம். கட்டில், அலமாரி, வாளி, பஞ்சு பிதுங்கும் என் தலையணை வரை நாலு பேர் பார்க்கக் கிடந்தன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காவலாளி ஓடிவந்தார்.

"இங்கெல்லாம் இறக்கக் கூடாதுங்க. யார் வீட்டுச் சாமான் இது?"

தையற்காரர் வீடு, கடைக்காரர் வீடு என்று இத்தனை வருடம் பதில் சொல்லிப் பழகியவர், கீழே கிடந்த என் தலையணையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"எங்க வீட்டுதுங்க" என்றார்.

சான்றிதழ் கைக்கு வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மூன்று பேரும் அலுவலகத்துக்கு ஓடினோம். எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்: "அப்பாவும் இவங்க கூடத்தான் இருக்கீங்களா, இல்ல ஊர்லயா?"

மகள் தலைகுனிந்துகொண்டாள். நான் வாயெடுப்பதற்குள் என் கணவர் ஜன்னல் வழியே தெருவில் கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்தார்.

"கூடத்தான்னு எழுதுங்க" என்றார்.