ஓவர்கேமும் கணக்கும்

பாடசாலைகளின் வலயப் போட்டியில் நடுவர் மறுபடியும் விசில் ஊதியபோதுதான் எங்கள் பிழை எனக்கு விளங்கியது.

மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக நான் உருவாக்கிய முதல் கரப்பந்தாட்ட அணி அது. பயிற்றுநர் வைக்கக் கல்லூரியிடம் வசதியில்லை. வெளிநாட்டுப் பழைய மாணவிகள் தங்கள் பெயர் அச்சடித்த ஜேர்சிகளை அனுப்பினார்கள். பயிற்றுநரின் பெற்றோல் செலவில் பெயர் அச்சடிக்க முடியாதே, அதனால் அதற்கு ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் குருநகரில் ஓவர்கேம் ஆடிப் பேரெடுத்த அன்ரன் அண்ணையைக் கெஞ்சிப் பிடித்தேன்.

ஓவர்கேம் எங்கள் ஊர்ப் பாணிக் கரப்பந்தாட்டம். தொடங்கிய இடத்திலேயே கடைசிவரை நின்று ஆடலாம். பாடசாலைப் போட்டியிலோ வீராங்கனைகள் இடம் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும். ஆட்டம் சூடானதும் எங்கள் சிறந்த அடிப்பாளர் டிலானி வலையோரத்துப் பழைய இடத்துக்கே ஓடினாள். ஒவ்வொரு முறையும் விசில், எதிரணிக்குப் புள்ளி. தோற்றோம்.

அதைத் தாங்கலாம். அடுத்து வந்த தவணைப் பரீட்சையில் அவளுக்குக் கணிதம் கவிழ்ந்தது. சந்தையில் மீன் விற்கும் அவளுடைய அம்மா நேரே கல்லூரிக்கு வந்துவிட்டார்.

"ரியூசனை விட்டுட்டுப் பந்துக்குப் பின்னாலை திரியிறாள். என்னைப்போலை இவளும் சந்தையிலை குந்துறதே, ரீச்சர்? இனி விடமாட்டன்."

அதிபர் என்னைப் பார்த்தார். "டிலானி இல்லாட்டி அணிக்கு ஆறு பேர் தேறாது. வலையைக் கழட்டுங்கோ."

அழுகையை அடக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். "பந்து படிப்பைக் கெடுக்குமெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் கணித ஆசிரியை கௌரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆசிரியர்கள் நாங்களும் ஓவர்கேம்தான் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் வகுப்பறையை விட்டு வரமாட்டார், நான் மைதானத்தை விட்டுப் போகமாட்டேன்.

"அப்ப நீங்களே அணியைப் பொறுப்பெடுங்கோ" என்றேன்.

"எனக்குப் பந்தைப் பிடிக்கவும் தெரியாது."

"பந்து வேண்டாம். வலை கட்ட முந்தி மைதானத்திலை ஒரு பாடம் கணக்குப் படிப்பியுங்கோ. கணக்குச் செய்யாத பிள்ளைக்கு அண்டைக்கு விளையாட்டில்லை."

"தாய் சம்மதிப்பாவே?"

"நான் சொன்னால் நம்பமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ."

மறுநாளே கௌரி ரீச்சர் சந்தைக்குப் போனார். ஒரு தவணை மட்டும் பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கி வந்தார். பிறகு பின்னேரங்களில் வேப்பமர நிழலில் கரும்பலகை நின்றது. காத்திருந்த அன்ரன் அண்ணையையும் அவர் விடவில்லை. "சும்மா நிக்காமல் பந்துக்குக் காத்தடியுங்கோ அண்ணை" என்பார். அண்ணையும் பயந்து அடிப்பார்.

தவணை முடிந்து பெறுபேறு வந்த அன்று டிலானியின் அம்மா மறுபடியும் வந்தார். டிலானி கணிதத்தில் தேறியிருந்தாள். ஆனால் ஒரு தவணை என்பதுதான் பேச்சு, அது முடிந்துவிட்டது.

அவர் என்னைத் தாண்டி கௌரி ரீச்சரிடம் போனார்.

"இவளின்ரை தங்கச்சியும் வாற வருசம் இஞ்சைதான் வாறாள். அவளையும் எடுப்பியளே?"

"கணக்குக்கோ, பந்துக்கோ?"

"ரெண்டுக்கும்தான் ரீச்சர். ஒண்டை விட்டால் மற்றதும் போயிடும்."

புதிதாக அணி தொடங்கும் ஆசிரியைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதிர்க்கிறவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவருக்கு மைதானத்தில் ஒரு வேலை கொடுங்கள்.