இரண்டு நாள் பட்டினி

என் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யக் குழித்துறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், பெஞ்சில் கடற்கரை ஊர் அக்கா ஒருவரைப் பார்ப்பேன். நெடுநெடுவென்று உயரம், விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் சோற்றைத் தொடமாட்டார்.

“எதுக்குக்கா?”

“நம்பர் கூடினா இன்சுலின் போடச் சொல்லுவாவ. பிள்ளைக்கு ஏதாம் ஆயிருமோன்னு பயமாக்கும். டாக்டரம்மாட்ட சொல்லிராத மக்கா.”

நான் சொல்லவில்லை. சர்க்கரை அளவு குறித்த அவர் நோட்டைப் பார்த்து டாக்டரம்மா பாராட்டியபோது பொறாமைகூடப் பட்டேன்.

என் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன அன்று, அக்கா அதே பெஞ்சில் தனியாக இருந்தார். அவர் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். என்னைக் கண்டதும் அக்கா நோட்டை விரித்துக் காட்டினார்.

“இப்ப வயறு நெறயத் திங்கேன் மக்கா. நம்பர் சரியாத்தான் இருக்கு.”

அந்த இரண்டு நாள் பட்டினியை அப்போதும் நான் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.