மூன்றாவது தலைமுறைக்கு ஏற்ற கார்டு

பவதோஷ் குஹ தன் வாழ்நாளில் எதிலும் தோற்றதில்லை. ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும், அவ்வளவுதான். பி.காமில் முதல் வகுப்பு போனதற்குக் காரணம், பரீட்சை ஹாலில் தலைக்கு மேல் கிரீச்சிட்ட மின்விசிறி. பதவி உயர்வு போனதற்குக் காரணம், நேர்காணலன்று பாதியில் நின்ற டிராம். பிஜய்கட் காலனி கேரம் போட்டியில் பவுடர் நமுத்துப்போயிருந்தது. மனைவி கேதகி கல்யாணமான நாளிலிருந்து இதையெல்லாம் கேட்டு, "அடடா, ஊரே சேர்ந்து உங்களைக் கவுத்துடுச்சே!" என்று சிரிப்பாள்.

கடைசியாகக் குறுக்கே வந்தது கம்ப்யூட்டர். ஞாயிறுதோறும் அவருக்கும் கேதகியின் தம்பி போம்பலுக்கும் ஆன்லைனில் கால்பந்து. போம்பல் வடக்கே ஷியாம்பஜாரில் இருக்கிறான், கல்கத்தாவின் பூர்வகுடி, மோகன் பாகான் வெறியன். பவதோஷ் கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய பாங்கால் குடும்பம், ஈஸ்ட் பெங்காலைத் தவிர வேறு அணி உலகத்திலேயே கிடையாது என்பவர். ஆனால் பந்து அவருடைய ஆள் காலுக்கு வந்ததும் திரையில் படம் திக்கும். திக்கித் தெளிவதற்குள் கோல் விழுந்திருக்கும்.

"எல்லாம் இந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டால வந்த வினைடா. புதுசு போட்டுட்டு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்," என்றார் போனில்.

"போட்டும் தோத்தீங்கன்னா, ஜாமாய்பாபு?" என்றான் போம்பல். அக்கா கணவரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"தோத்தா உங்க மோகன் பாகான் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு எங்க காலனி மீன் சந்தைக்குப் போறேன், போதுமா?"

சொன்ன பிறகுதான் அந்தச் சந்தை நினைவுக்கு வந்தது. அந்தச் சந்தையில் விற்பவர், வாங்குபவர், வாலாட்டும் பூனை வரை எல்லாம் பாங்கால். கொலைகாரன் வந்தால்கூட அண்ணன் முறை வைத்து "வாங்க தாதா" என்பார்கள். அந்த ஜெர்சிக்கு அது நடக்காது.

மறுநாளே சாந்தினி மார்க்கெட்டுக்கு ஓடினார். கடைக்காரர் பெயர் லாஹா. கல்கத்தா பூர்வகுடிகளின் பெயர்; கேட்டதும் இது போம்பல் கட்சி என்று தெரிந்துபோயிற்று. மூன்று விசிறி வைத்த, செங்கல் கனத்துக்கு இருந்த பெரிய கார்டைக் காட்டி, "அதைக் குடுங்க," என்றார் விறைப்பாக.

லாஹா நிதானமாகக் கேட்டார்: "எந்தத் தலைமுறை, தாதா?"

பவதோஷின் கழுத்து நிமிர்ந்தது. "மூணாவது. எங்க தாத்தா கிழக்கே பரிசால்லேர்ந்து வந்தாரு. அங்க எங்களுக்குக் குளம், பாக்குத் தோப்பு எல்லாம் இருந்துது. ஏன், பாங்காலுக்கு விக்க மாட்டீங்களோ?"

"ஐயோ, உங்களைக் கேக்கல தாதா! உங்க பிராசஸரைக் கேட்டேன்!"

பவதோஷ் அசடு வழியப் பையிலிருந்து தன் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் லேபிளைப் பிடித்த படத்தை எடுத்துக் காட்டினார். லாஹா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, வாய் கொள்ளாமல் சிரித்தார். "அதுவும் மூணாவதுதான்! மூணாவது தலைமுறைக்கு இவ்ளோ பெரிசு தாங்காது."

"என்ன தாங்காது?"

"கல்யாண வீட்டுல பூரி சுடறவர் ஒரே ஆளு, வயசானவர்னு வையுங்க. பரிமாறப் பத்து தடியனுங்களைக் கூட்டியாந்தா? காலித் தட்டோட நிப்பானுங்க. உங்க பிராசஸர்தான் அந்தக் கெழவர். அவர் சுடற வேகத்துக்கு ஒரு சின்னக் கார்டே போதும். பெரிசுக்குப் பவர் சப்ளையும் மாத்தணும், உங்க பெட்டிக்குள்ள நீளமும் பத்தாது. இந்தச் சின்னதை எடுத்துக்கிட்டுப் போங்க, திக்கவே திக்காது."

தங்கை கல்யாணத்தில் பூரிக்காக இலை முன்னால் காத்திருந்தது பவதோஷுக்கு நினைவு வந்தது. எதிர்க்கட்சியானாலும் மனுஷன் நியாயஸ்தன் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டு சின்னதையே வாங்கிவந்தார்.

ஞாயிறு வந்தது. லாஹா சொன்னது சொன்னபடி, படம் எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. புல் தெரிந்தது. வியர்வை தெரிந்தது. பவதோஷ் தப்பான பொத்தானை அழுத்துவதும், அவருடைய கோல்கீப்பர் பந்து இல்லாத பக்கமாகப் பாய்வதும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு திக்கலாவது வராதா என்று அவர் ஏங்கினார். வரவே இல்லை. ஐந்துக்குப் பூஜ்யம்.

"இன்னிக்கு யார் ஜாமாய்பாபு குறுக்க வந்தது? கரெண்டா, எலியா?" என்றான் போம்பல் போனில்.

பவதோஷ் போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ முறை சிரித்த கேதகிக்கு அன்று சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. காரணம் சொல்லாத கணவனை அவள் பார்த்ததே இல்லை.

காலையில் போம்பல் ஜெர்சியோடு நேரில் வந்துவிட்டான். பவதோஷ் மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டார். தொப்பை மேல் அது இறுக்கிப் பிடித்தது. வாசலில் செருப்பைத் தேடும்போது கேதகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, அந்த நாற்காலி ரொம்பத் தாழ்வு. உங்க கை மேசைக்கே எட்டல. நேத்து நானே பாத்தேன்."

பவதோஷ் நிமிர்ந்தார். முகத்தில் இரத்தம் ஏறியது. "நான்தான் அப்பவே சொன்னேனே!"

அவர் சொல்லவே இல்லை. அந்த நாற்காலியைக் கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்துவந்தவளே கேதகிதான்.

மீன் சந்தையில் ஒரே கூச்சல். வெட்டுகிற அரிவாள்மனையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். நடுவில் பவதோஷ் எதிரியின் ஜெர்சியோடு நெஞ்சை நிமிர்த்தி, நாற்காலி எவ்வளவு தாழ்வு, மேசை எவ்வளவு உயரம் என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மீன் பையோடு நின்ற கேதகி, கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமாங்க, நானே பாத்தேன்," என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.