நாற்பத்தொரு கிராம்

கேசியா பிடித்த முயலுக்கு மூன்றே கால். சித்தூர் மிஷன் சபையில் அது எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீ சிட்டியில் ஒழுங்காகச் சம்பளம் தந்த கம்பெனியை விட்டுவிட்டு, திருப்பதிப் பக்கம் அடிபட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் இடத்தில் கூண்டு கழுவப் போனாளே, அப்போதும் யார் பேச்சையும் அவள் கேட்கவில்லை.

அங்கே சேர்ந்த புதிதில் ஒரு தேவாங்குக் குட்டியை அவளிடம் கொடுத்தார்கள். பெரிய கண்ணும் குச்சிக் கையுமாக இருந்த அதைப் பார்த்ததும் பெற்ற வயிறு பொறுக்கவில்லை. மணிக்கொரு தரம் பாலும் வாழைப்பழமும் ஊட்டினாள். அது வயிறு உப்பி, பத்தாம் நாள் செத்துப்போனது. தேவாங்கின் உடம்பு சிம்னி விளக்கு மாதிரி, கொஞ்சம் எண்ணெயில் மெல்ல எரியும் என்று அங்கிருந்த விலங்கு டாக்டர் மோகனப்ரியா அப்புறம் விளக்கினார். தாய் ஐந்தரை மாதம் சுமந்து பெறும். பிள்ளையும் அவசரமே இல்லாமல் வளரும். "அப்ப நாந்தான் கொன்னுட்டேன்" என்று கேசியா அழுது தீர்த்தாள். அதன்பின் ஆறு வருடமாக, அங்கு வந்த ஒவ்வொரு தேவாங்கையும் தினம் எடை போட்டு, அது தின்ற பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதினாள்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், வரதய்யபாளையத்து விவசாயி மணிவேல் காலையிலேயே துண்டில் சுற்றி ஒரு தேவாங்குக் குட்டியைக் கொண்டுவந்தான். நாற்பத்தொரு கிராம் இருந்தது.

"புளியமரத்துல தனியா தொங்கிக்கினு இருந்துச்சுக்கா. தாய் விட்டுட்டுப் போயிடுச்சு, பாவம்."

"அட போப்பா! சுமந்துக்கினு பூச்சி பிடிக்க முடியாதுன்னு கிளையில வெச்சுட்டுப் போயிருக்கும். விடியறதுக்குள்ள வந்து எடுத்துக்கும். அதுக்குள்ள நீ தூக்கினு வந்துட்ட!"

மேலாளர் ஹரிபாபு பால்புட்டியோடு வந்தார். "உடம்பு சில்லுன்னு கிடக்குதும்மா. இங்கயே வளர்க்கலாம். மரத்துல விட்டா இன்னிக்கே செத்துடும்."

"இங்க வெச்சாலும் பொழைக்காது சார். ரெண்டு சொட்டு குளுக்கோஸ் தண்ணி போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சாயந்திரம் அதே மரத்துக்குப் போறோம்."

"செத்துப்போனா?"

"என் தலையில எழுதுங்க."

அந்தி சாய்ந்ததும் மணிவேல் காட்டிய கிளையைக் குட்டி பற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டு, மூவரும் தள்ளிப்போய் வரப்பில் உட்கார்ந்தார்கள். குட்டி மெல்லச் சீட்டியடித்துக் கூப்பிட்டது. இருட்டியது. ஒரு மணி நேரமாகியும் எதுவும் வரவில்லை. சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"வேணாம்மா. இறக்கிடு" என்றார் ஹரிபாபு.

கேசியாவின் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கர்த்தாவே, இன்னொன்றையும் என் கையால் சாகவிடாதே என்று மனசுக்குள் மன்றாடினாள்.

சத்தம் நின்றே போனது. மணிவேல் பதறிப்போய், தேவாங்கின் கண் கூசாத சிவப்பு டார்ச்சை அடித்தான். மேல்கிளையில் இரண்டு கண்கள் மின்னின. தாய் ஒவ்வொரு அடியாகச் சாவகாசமாக இறங்கி வந்தது. அதன் வயிற்றில் ஏற்கெனவே ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெட்டைப் பிள்ளைக்கா!" மணிவேல் கிசுகிசுத்தான். "ரெண்டையும் சுமக்க முடியாமதானே ஒண்ணை வெச்சுட்டுப் போச்சு? இப்ப ரெண்டையும் எடுக்குமா?"

கேசியாவுக்கு அது தெரியாது. நோட்டிலும் இல்லை. தாய் குனிந்து முகர்ந்தது. குட்டி கையை நீட்டி அதன் ரோமத்தைப் பிடித்தது. தாய் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இரண்டு பிள்ளைகளோடும், வந்ததைவிட மெதுவாக, மேலே ஏறிப் போனது.